பெயர் தெரியாத இணைப்பு

அத்தியாயம் எட்டு

“சுகன்யா, நீங்க பேசறது ஒண்ணுமே கேக்கல. வாயைத் திறந்தபடி அப்படியே நிக்கறீங்க.”

திரையில் தன் முகத்தைத் தானே பார்த்தாள் சுகன்யா. பாதி திறந்த வாய், பாதி மூடிய கண். எந்த ரேஷன் கார்டிலும் இதைவிட நல்ல படம் இருக்கும்.

அனிதா பெங்களூரு அலுவலகத்தில் அவளுடைய மேலாளர். நல்ல பெண்தான். ஆனால் நல்லவர்களுக்கும் பொறுமைக்கு ஓர் எல்லை உண்டு.

“இது ஒத்திகை, போனாப் போகட்டும். மூணு மணிக்கு லண்டன்காரங்க உக்காந்திருப்பாங்க. அப்பவும் இப்படி ஆச்சுன்னா என்னால உங்களைக் காப்பாத்த முடியாது. திங்கக்கிழமையிலிருந்து நீங்க இங்க ஆபீஸுக்கு வரணும். இல்லேன்னா இந்த வேலையை வேற ஆளுக்குக் கொடுத்துடுவாங்க. தப்பா நினைக்காதீங்க.”

“நினைக்கலை” என்றாள் சுகன்யா. அது போய்ச் சேர்ந்ததா என்று தெரியவில்லை. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

பெங்களூரு போக அவளுக்கு ஆசை இல்லாமல் இல்லை. போக வழியில்லை. வைகாசியில், வேறு யாரும் வீட்டில் இல்லாத நேரத்தில் மாமியார் குஞ்சம்மாள் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கூட்டத்தில் இருந்த சுகன்யாவுக்கு அவள் கூப்பிட்டது கேட்கவேயில்லை. தண்ணீர் குடிக்க வெளியே வந்தபோதுதான் பார்த்தாள். அன்று முதல் குஞ்சம்மாள் வாக்கர் இல்லாமல் நாற்காலியை விட்டு எழுவதில்லை.

கணவன் நந்தகுமார் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியோடு சத்தீஸ்கரில் போர் போட்டுக்கொண்டிருந்தான். தீபாவளிக்குத்தான் வருவான். கொழுந்தன் ஜெயபிரகாஷ் அரசுத் தேர்வுக்குப் படிப்பதாகச் சொல்லி அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தான். நாத்தனார் சரிதா கோயம்புத்தூரில் ஆசிரியை. தினமும் போன் செய்து, “அம்மா சாப்பிட்டாங்களா அண்ணி?” என்று கேட்பாள். கேட்கிற விதத்தில் போலீஸ் ஸ்டேஷன் வாடை அடிக்கும்.

ஆக, சேலம் ஃபேர்லேண்ட்ஸில் இருக்கும் அடுக்ககத்தின் இந்த வீட்டில் குஞ்சம்மாளுக்குக் கை கொடுக்க அவளை விட்டால் ஆள் கிடையாது. வீட்டிலிருந்தே தொடர்ந்து வேலை செய்ய அனிதாவிடம் கெஞ்சி அனுமதி வாங்கியிருந்தாள். அந்த அனுமதிதான் இப்போது ஒரு கேபிள் ஒயரில் தொங்கிக்கொண்டிருந்தது.

புகார் எண்ணுக்குக் கூப்பிட்டாள். அவள் அழைப்பு முக்கியமானது என்று ஒரு பெண்குரல் பலமுறை சொன்னது. அதன்பின் வந்த உண்மையான மனிதன், “மேடம், நீங்க இன்னும் பெரிய திட்டத்துக்கு மாறலாமே?” என்றான்.

“ஏற்கெனவே ரெண்டு தடவை மாறியாச்சு.”

“அதுக்கும் மேல ஒண்ணு இருக்கு மேடம்.”

சுகன்யா போனை வைத்துவிட்டாள். எருமப்பட்டியில் அவள் அண்ணன் வீட்டில், சுற்றிலும் வெங்காயக் காடு, அங்கே இதில் பாதி விலைக்கு வாங்கிய இணைப்பில் அவன் கோழிப்பண்ணைக்காரர்களோடு முகம் பார்த்துப் பேசுகிறான். சேலத்தில் நல்ல இடம் என்று ஊரே சொல்லும் தெருவில் உட்கார்ந்து அவள் வட்டம் சுற்றுவதைப் பார்க்கிறாள்.

வேறு கம்பெனிக்கு மாறலாம் என்றால் அதுவும் முடியாது. இந்தக் கட்டடத்துக்குள் ஒரே ஒரு கம்பெனியின் கேபிள்தான் நுழையலாம். அப்படி முடிவு செய்தவர் குடியிருப்போர் சங்கச் செயலாளர் குருமூர்த்தி.

அவள் கீழே போனபோது குருமூர்த்தி வீட்டு டிவியில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. புல்லின் நுனி தெரியும் அளவுக்குத் தெளிவு. ஒரு பந்து கூட நின்று வரவில்லை.

“உங்க ஊட்டுல மட்டும் எப்படிங்க இவ்வளவு நல்லா வருது?” என்று கேட்டாள்.

“எல்லா ஊட்டுலயும் வருதுங்களே” என்றார் அவர், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“எனக்கு வரலீங்க. ஆடி நோம்பி முடிஞ்சதுல இருந்து இதே கதை. வேற கம்பெனிக்காரனை உள்ள விடுங்கன்னு எத்தனை தடவை கேட்டிருக்கேன்?”

“சுவத்தை எல்லாரும் ஓட்டை போட்டா கட்டடம் நிக்குமாங்க?”

“நீங்க இதுக்குப் பணம் கட்டறீங்களா, சும்மா கொடுத்திருக்காங்களா?”

அவர் கண்கள் அப்போதுதான் டிவியை விட்டு அவள் பக்கம் வந்தன. கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் சிரித்தார்.

“மத்த எந்த ஊட்டுலயும் புகார் இல்லீங்க அம்மணி. உங்க ஊட்டுக்குள்ள யாரு என்ன பண்றாங்கன்னு மொதல்ல பாருங்க.”

படியேறும்போது அந்தச் சிரிப்பு கூடவே வந்தது. தப்பு செய்கிறவன் சிரிப்பா, எதையோ தெரிந்தவன் சிரிப்பா? அவளால் பிரிக்க முடியவில்லை.

காலையில் செய்த புகாருக்கு, மதியத்துக்குள் கம்பெனியிலிருந்து மதியழகன் என்ற இளைஞன் வந்தான். ஹாலில் இருந்த பெட்டியிலிருந்து ஒயரைப் பிடுங்கித் தன் மடிக்கணினியில் செருகினான். திரையில் வேகம் காட்டும் முள் பறந்தது.

“பாருங்க மேடம், லைன் கிளீனா இருக்குது.”

“இது வர்ற வேகம். போற வேகத்தைக் காட்டுங்க.”

அவன் தலையைச் சொறிந்தான். “அது உங்க திட்டத்துல அவ்வளவுதானுங்க.”

விளம்பரத்தில் போடும் பெரிய எண், வெளியிலிருந்து வீட்டுக்குள் வரும் பாதைக்கு மட்டும்தான். நம் முகமும் குரலும் வெளியே போகும் பாதை ஒரு சந்து. அதைப் பற்றி எந்த விளம்பரமும் பேசாது. இது சுகன்யாவுக்குத் தெரியும். ஆனால் ஒரு ஆள் பேசப் போதுமான சந்துதான் அது. ஆடி வரைக்கும் போதுமானதாகத்தான் இருந்தது.

“அந்தக் கொஞ்சத்தையும் ஊட்டுக்குள்ள இருந்து ஏதோ ஒண்ணு இழுக்குதுங்க” என்றான் மதியழகன். “யாராச்சும் பெரிசு பெரிசா வெளிய அனுப்பறாங்களோ என்னமோ. தம்பி யாராச்சும் இருக்காங்களா?”

மறுபடியும் ‘ஊட்டுக்குள்ள’. குருமூர்த்தி சொல்லி அனுப்பியிருப்பாரோ என்று ஒரு கணம் தோன்றியது. அடுத்த கணம், அவள் கண் தானாக ஜெயபிரகாஷின் மூடிய கதவுக்குப் போனது.

வாக்கரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்த குஞ்சம்மாள், “நெட்டு வந்துருச்சா சாமி?” என்றாள்.

“வரும் அத்தை.”

மதியழகன் போனதும் கதவைத் தட்டினாள். ஜெயபிரகாஷ் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டுதான் திறந்தான்.

“உள்ள என்ன பண்ணிட்டிருக்கற?”

“படிச்சிட்டிருக்கறனுங்க அண்ணி.”

“படிக்கறதுக்கு எதுக்குக் கதவைத் தாழ் போடற? எதையாச்சும் டவுன்லோடு பண்றியா, வீடியோ கீடியோ போடறியா, சொல்லிடு. நான் அண்ணன்கிட்ட சொல்ல மாட்டேன். எனக்கு மூணு மணி வரைக்கும் நெட்டு வேணும், அவ்வளவுதான்.”

அவன் தன் போனை எடுத்து அவள் கையில் கொடுத்தான். வைஃபை அணைந்திருந்தது.

“என்ற போன்ல என்ற சொந்த டேட்டாதானுங்க. உங்க மீட்டிங் நின்னு போனா முதல்ல என் கதவைத்தான் தட்டுவீங்கன்னு தெரியும். அதனால இந்த ஊட்டு நெட்டைத் தொடறதே இல்லீங்க. பாருங்க, இன்னைக்கும் தட்டிப்போட்டீங்க.”

சுகன்யாவுக்கு முகம் சுண்டியது. “தப்பா நெனச்சுக்காத தம்பி” என்றாள்.

“நான் லைப்ரரிக்குப் போறனுங்க” என்று சட்டையை மாட்டிக்கொண்டு அவன் வெளியேறினான். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லி அவள் கூப்பிட்டது படியில் இறங்கியவனுக்குக் கேட்டிருக்கும். திரும்பவில்லை.

அறைக்குள் வந்து மடிக்கணினியில் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தாள். இதை முன்பே செய்திருக்க வேண்டும். கம்பெனி மேல் இருந்த கோபத்தில் வீட்டுக்குள் பார்க்கத் தோன்றவேயில்லை.

யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்று வரிசையாக வந்தது. அவளுடைய மடிக்கணினி. அவளுடைய போன். டிவி. மாமியாரின் போன். அதற்குக் கீழே இன்னொன்று.

அதற்குப் பெயர் இல்லை. எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு கோவை மட்டும். அது எதையும் உள்ளே வாங்கவில்லை. வெளியே மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தது, ஓயாமல்.

பக்கத்து வீட்டுக்காரன் யாராவது திருட்டுத்தனமாக இணைந்திருந்தால் சினிமா பார்ப்பான், பாட்டு கேட்பான். எல்லாம் உள்ளே வருகிற சமாச்சாரம். வெளியே மட்டும் அனுப்புகிற பொருள் எது? இந்த வீட்டில் இருந்து யாருக்கு என்ன போகிறது?

அந்தப் பெயரில்லாத வரியைத் தொட்டாள். ‘தடை செய்’ என்று இருந்தது. அழுத்தினாள்.

சந்து திறந்துகொண்டது. வேகத்தைச் சோதித்தாள், கொடுத்த பணத்துக்கு ஓரளவு நியாயம் தெரிந்தது. சந்தோஷப்பட வேண்டிய நேரம். அவளோ நாற்காலி நுனியில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். கயிற்றை இந்தப் பக்கம் அறுத்தாயிற்று. அந்தப் பக்கம் பிடித்திருப்பவருக்கு இப்போது தெரிந்திருக்கும்.

ஹாலில் குஞ்சம்மாளின் போன் அடித்தது.

சுகன்யா கதவை ஒரு விரல் அளவு திறந்தாள்.

“சொல்லு சரிதா… கரண்டா? இருக்குதே, ஃபேன் ஓடுதே… இல்ல சாமி, நான் நல்லாத்தான் இருக்கறேன். ஏன் இப்புடிப் பதறற?… கடியாரமா? அது ஓடிக்கிட்டுத்தான் இருக்குது… மணி தெரியுது, தெரியாம என்ன?… வெச்ச எடத்துலயேதான் இருக்குது.”

சுகன்யாவின் பார்வை சுவர் ஓரமாக நகர்ந்து ஷோகேஸ் மேல் நின்றது. அம்மாவுக்குக் கண் மங்கல், பெரிய எண்ணாக இருந்தால்தான் தெரியும் என்று ஆடி நோம்பிக்கு வந்தபோது சரிதா வாங்கிவந்து வைத்த கறுப்புக் கடிகாரம். ஒயர் பின்னால் பிளக்கில் இருந்தது. அதன் முகம் ஹாலைப் பார்த்துத் திரும்பியிருந்தது. ஹாலின் அந்தக் கோடியில் சுகன்யாவின் அறைக்கதவு.

ஓடிப்போய் அதைப் பிடுங்கி எறிய வேண்டும் போல இருந்தது. மணி மூன்றை நெருங்கிவிட்டது. கதவைச் சாத்தி, ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

லண்டன்காரர்கள் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னாள். குரல் ஒருமுறைகூட அறுபடவில்லை. எல்லாரும் போனபின் அனிதா மட்டும் இருந்தாள்.

“பிரமாதம் சுகன்யா! திங்கக்கிழமை பேச்செல்லாம் மறந்துடுங்க. என்ன பண்ணீங்க? காலைக்கும் இப்பவுக்கும் ஏணி வெச்சாலும் எட்டாதே?”

“வீட்டுக்குள்ள ஒரு அடைப்பு இருந்துச்சு. எடுத்துட்டேன்.”

வேலை தப்பித்தது. ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு ஹாலுக்கு வந்தாள்.

குஞ்சம்மாள் நாற்காலியிலேயே கண்ணயர்ந்திருந்தாள். சுகன்யா கடிகாரத்தைப் பிளக்கிலிருந்து கழற்றி எடுத்து பால்கனிக்குப் போனாள். வெயிலில் சாய்த்துப் பார்த்தாள். எண்களுக்கு மேலே, மிளகைவிடச் சின்னதாக ஒரு கண்ணாடி.

சரிதா முதல் மணியிலேயே எடுத்தாள்.

“அண்ணி?”

“மணி பாக்கற கடியாரத்துக்கு எதுக்கு சரிதா கண்ணு?”

அந்தப் பக்கம் பள்ளிக்கூடக் குழந்தைகளின் இரைச்சல் கேட்டது. பிறகு ஒரு கதவு சாத்தும் சத்தம். இரைச்சல் நின்றது.

“நந்து அண்ணனுக்குச் சொல்லிப்போட்டீங்களா?”

“அப்ப அவருக்கும் தெரியாதா?”

“தெரியாதுங்க. நானாத்தான் வெச்சேன்.” சரிதாவின் குரல் இறங்கியது. “அம்மா அந்த ஈரத்துல கூப்புட்டுக்கிட்டே கெடந்தாங்களே அண்ணி. நீங்க ஒரு கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தீங்க. அதை நெனச்சு நெனச்சு எனக்குத் தூக்கமே புடிக்கல. பீரியட் இல்லாத நேரமெல்லாம் போன்ல தொறந்து வெச்சுக்குவேன்.”

“என்னைக் கேட்டிருக்கலாமே?”

“கேட்டிருந்தா ஒத்துக்குவீங்களா?”

ஒத்துக்கொண்டிருக்க மாட்டோம் என்று சுகன்யாவுக்கே தெரிந்தது. அதனால் கோபம் இன்னும் ஏறியது.

“நான் நைட்டியோட ஹால்ல நடந்தது, உன் அண்ணன்கிட்ட போன்ல அழுதது, எல்லாத்தையும் உக்காந்து பாத்திருக்கற. நான் எத்தனை தடவை வெளிய வாரேன், உங்க அம்மாவுக்குச் சோறு எப்படிப் போடறேன்னு கணக்கு எடுத்திருக்கற. இதுல என் வேலையே போக இருந்துச்சு, தெரியுமா?”

“தெரியாதுங்க. சத்தியமாத் தெரியாது.” மூக்கை உறிஞ்சும் சத்தம். “உங்க மேல குத்தம் கண்டுபுடிக்கணும்னுதான் பாத்தேன். ஒண்ணும் கெடைக்கல. அம்மாவுக்குக் கால் அமுக்கி உடறீங்க. குளிக்க வெக்கறீங்க. நான் செஞ்சிருப்பனான்னு தெரியல. அன்னைக்கே எடுத்திருக்கணும். ஆனா…”

“ஆனா?”

“போன வாரம் ஒண்ணைப் பாத்தேன். அதுக்கப்புறம் எடுக்க மனசு வரல. அம்மாவைப் பாக்க ஊட்டுக்கு ஒருத்தர் வந்துட்டுப் போறாரே அண்ணி, அவரு யாரு?”

“யாரு?”

“தெரியாத மாதிரி கேக்கறீங்க?”

“இந்த ஊட்டுக்கு ஒறம்பரை, விருந்தாளின்னு யாரும் வந்து மாசக்கணக்காச்சு சரிதா.”

“நீங்கதான் வரச் சொல்லியிருக்கீங்கன்னு நெனச்சேன்” என்றாள் சரிதா. “ஸ்கூல்ல சத்தத்தை அணைச்சுப்போட்டுத்தான் பாப்பேன், என்ன பேசுனாங்கன்னு தெரியாது. இருங்க, அனுப்பறேன். நீங்களே பாருங்க.”

போனில் ஒரு வீடியோ வந்து விழுந்தது.

ஹால். மத்தியான வெளிச்சம். ஜெயபிரகாஷ் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போகிறான். கதவு சாத்தப்படுகிறது. நாற்காலியில் குஞ்சம்மாள் மட்டும். பக்கத்தில் வாக்கர்.

குஞ்சம்மாள் சுகன்யாவின் அறைக்கதவைத் திரும்பிப் பார்க்கிறாள். வெகுநேரம் பார்க்கிறாள்.

பிறகு எழுகிறாள்.

வாக்கரைத் தொடவில்லை. நாற்காலிக் கையைக்கூடப் பிடிக்கவில்லை. எழுந்து, சேலையை உதறிச் சரிசெய்து, ஹாலின் குறுக்கே நேராக நடந்து போகிறாள். மணி அடிப்பதற்கு முன்பே கதவைத் திறக்கிறாள்.

வெள்ளை வேட்டி. ஒரு ஆணின் கை. முகம் படச்சட்டத்துக்கு வெளியே இருந்தது.

குஞ்சம்மாளின் குரல் தெளிவாகக் கேட்டது.

“உள்ள வாங்க. சும்மா பேசுங்க. அவ காதுல அதை மாட்டிக்கிட்டா இடி உழுந்தாலும் கேக்காது.”

ஆணின் குரல் அடங்கி வந்தது. “நந்தகுமாருக்குத் தெரியுமுங்களா?”

“அவன் தீவாளிக்கு வாரதுக்குள்ள முடிச்சிப்போடோணும்.”

வீடியோ நின்றது.

சுகன்யா மறுபடி ஓட்டினாள். குரலைக் கேட்கவில்லை. கால்களை மட்டும் பார்த்தாள். ஆடாத, தடுமாறாத கால்கள். இன்று காலையில்தான் அந்தக் கால்களைத் தன் மடியில் வைத்துத் தைலம் தேய்த்துவிட்டாள். “கீழ ஊனவே முடியல அம்மணி” என்று முனகியதை நம்பினாள். அந்தக் கால்களுக்காகத்தான் பெங்களூரு வேண்டாம் என்றாள்.

“அண்ணி, இருக்கீங்களா?”

“இருக்கறேன்.”

“நெசமாவே உங்களுக்குத் தெரியாதா?”

“உன் அம்மா நடக்கறாங்கங்கறதே எனக்கு இப்பத்தான் தெரியும்” என்றாள் சுகன்யா. “ஜெயபிரகாஷுக்குத் தெரியுமா?”

“அவன் வெளிய போன பொறவுதான் அவரு வாராரு. அவனுக்குத் தெரிஞ்சுதான் போறானா, தெரியாமப் போறானான்னு எனக்கும் புரியலீங்க.”

தான் தட்டியபோது அவன் அறைத் தாழ் திறக்க எடுத்துக்கொண்ட நேரம் சுகன்யாவின் நினைவில் வந்து நின்றது. அவனிடம் மன்னிப்புக் கேட்டது சரிதானா என்ற கேள்வியும் கூடவே வந்தது.

“அண்ணனுக்குச் சொல்லட்டுங்களா?” என்றாள் சரிதா.

“வேண்டாம். அவ்வளவு தூரத்துல இருக்கறவருக்கு மொகம் தெரியாத ஒருத்தனைப் பத்தி என்ன சொல்றது? முதல்ல யாருன்னு தெரியட்டும்.”

போனை வைத்தாள். கடிகாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தபோது குஞ்சம்மாள் விழித்திருந்தாள். வாக்கரின் இரண்டு பக்கமும் கையை ஊன்றி, ஷோகேஸின் வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கடியாரத்தைக் காணமே அம்மணி?”

“தூசி தட்ட எடுத்தேனுங்க அத்தை.”

அதைப் பழைய இடத்திலேயே வைத்து ஒயரைச் செருகினாள். எண்கள் எரிந்தன. வைக்கும்போது வாசற்கதவின் பக்கம் கொஞ்சம் திருப்பி வைத்தாள்; இந்தத் தடவை வருகிறவரின் முகமும் விழும்படி உயரம் கணக்குப் பார்த்து, அடியில் ஒரு டப்பாவைக் கொடுத்து.

“நாளைக்கு மத்தியானம் எனக்கு வேலை நெறைய இருக்குதுங்க அத்தை. ரூமை விட்டு வெளியவே வர முடியாது. சோறெல்லாம் முன்னாடியே எடுத்து வெச்சுடறேன்.”

குஞ்சம்மாளின் முகத்தில் எதுவும் மாறவில்லை. “ஆகட்டும் சாமி. நீ உன்ற வேலையப் பாரு. என்னப் பத்தி வெசனப்படாத.” பிறகு சாதாரணமாகக் கேட்டாள். “காதுல அதை மாட்டிக்குவயில்ல?”

“மாட்டிக்குவேனுங்க.”

அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள். ரவுட்டரின் பக்கம் திறந்தபடியே இருந்தது. பெயரில்லாத வரிக்கு எதிரே தடை என்ற சொல் சிவப்பில் நின்றது.

ஒருநாள் முழுக்க இந்த நெட்டுக்காக எத்தனை பேரிடம் மல்லுக்கட்டியிருக்கிறாள்! நாளைக்குக் குரல் மறுபடி அறுபட்டு அனிதா கேட்டால் என்ன சொல்வது என்று ஒரு நிமிடம் யோசித்தாள்.

தடையை எடுத்துவிட்டாள். வெளியே போவதைக் காட்டும் மேல்நோக்கிய அம்புக்குறி மறுபடி ஓடத் தொடங்கியது.